வண்டியின் அளவுக்குத் துணை தேடுவதா?

அமெரிக்காவில் வீட்டை விற்றுவிட்டோ பூட்டிவிட்டோ, ஆர்.வி. என்று அந்நாட்டார் வழங்கும் வீட்டு வண்டியில் குடியேறி, மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் சாலையிலேயே வாழத் துணிகிறவர்கள், தங்களுடன் வரத் தக்க பிராணி எது என்று அநுபவஸ்தர்களைக் கேட்டால், அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கிறது: வண்டி சிறிது, ஆகையால் பிராணியும் சிறிதாக இருக்கட்டும். நாய் வேண்டுமானால் மடியில் அடங்கும் நாய். அதையும் குட்டியாகவே வாங்கிவிட்டால் பிரயாணத்திற்குத் தானே பழகிக்கொள்ளும். நாயை நடத்திச் செல்ல நேரமில்லாதவர்களுக்குப் பூனை. பூனைக்கும் இடமில்லாதவர்களுக்குக் கூண்டுக்குள் ஒரு கிளியோ, ஃபெரட் போன்றதொரு சிறு ஜந்துவோ. இந்த அபிப்பிராயம் இப்போது சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. இது அடியோடு பிழையானது என்பதும், இந்தப் பிழைக்குரிய தண்டனையை முதலில் அநுபவிப்பது அதில் ஒரு பங்கும் இல்லாத வாயில்லா ஜீவன் என்பதும் என் கட்சி.

எதிர்க்கட்சிக்கு உரிய நியாயத்தை முதலில் குறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். இருபதடி நீளமுள்ள ஒரு வேன் வண்டியில் அடுப்பும் படுக்கையும் கழிப்பறையும் போக எஞ்சுவது ஒடுங்கியதொரு நடைவழி. அதில் முப்பத்தைந்து கிலோ எடையுள்ள நாய் நீட்டிப் படுத்தால் மனிதர் அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். பெரிய பிராணிக்குத் தீனி அதிகம். மழையில் நனைந்து வந்தால் ஈரமும் வாடையும் அதிகம். சில தங்குமிடங்களில் நாயின் எடைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகே சாலைக்கு வருகிறவர்கள் பலர். நாய்க்குக் கால் முடங்கினால் அதைத் தூக்கிப் படியேற்றும் பலம் அவர்களுக்கு இராது. இவை யாவும் மெய். கடைசியாகச் சொன்னதை நான் எவ்விதத் தடையுமின்றி ஏற்கிறேன். ஆயினும் கூர்ந்து பார்த்தால், இவை அனைத்தும் மனிதனுடைய சௌகரியத்தைப் பற்றிய உண்மைகளாகவே இருப்பதும், அந்தப் பிராணி அந்த வண்டியில் எப்படி வாழும் என்ற கேள்வி ஒரு தடவைகூட எழுப்பப்படாததும் விளங்கும். அந்தக் கேள்வியை எழுப்பிக்கொண்டு வரிசையாக வருவோம்.

1. உடலின் அளவுக்கும், அந்த உடல் கேட்கும் ஓட்டத்தின் அளவுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்ற நாய் ஆறேழு கிலோ எடைதான் இருக்கும். ஆனால் அது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பிரதேசத்தில் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்காக வளர்த்தெடுத்த வம்சம். வளைக்குள் பதுங்கும் நரியைத் துரத்தி வெளியேற்றுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்டு வந்தபடியால், ஓடுவதும் தோண்டுவதும் குரைப்பதும் அதன் இரத்தத்தில் ஊறிய சுபாவம். அதை மழை நாளில் இருபதடி வண்டிக்குள் அடைத்து வைத்தால், மெத்தையைக் கிழிக்கும். பக்கத்து வண்டிக் கதவு திறக்கும் போதெல்லாம் குரைக்கும். இரவு பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது என்று விதி உள்ள முகாம்களில் எஜமானரைத் தலைகுனிய வைக்கும். இதற்கு நேர்மாறானது கிரேஹவுண்ட். முப்பது கிலோ எடையும் நீண்ட கால்களும் கொண்ட அந்தப் பந்தய நாய், சிறிது நேரம் நடந்து வந்தபின் நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழித்துவிடும். 2018இல் ஃப்ளோரிடா ஜனங்கள் நாய்ப் பந்தயத்திற்கு எதிராக வாக்களித்து, 2020 முடிவில் அங்கே பந்தயம் நின்றுபோனபோது, ஓய்வு பெற்ற அந்த நாய்களில் பெருந்தொகையானவை சாதாரணக் குடும்பங்களில் போய்ச் சேர்ந்து அடக்கமாக வாழ்ந்தன. ஓடுகிற பிராணியைக் கண்டால் பாய்ந்து துரத்தும் வழக்கம் அதற்கு உண்டு என்பதால் வெட்டவெளியில் வாரை அவிழ்க்கலாகாது. மெல்லிய தோலாதலால் குளிர் தாங்காது. இவற்றுக்குப் பரிகாரம் உண்டு. துடிக்கிற சுபாவத்திற்குப் பரிகாரம் இல்லை.

வீட்டு வண்டிப் பிரயாணத்தின் மிகப் பிரசித்தமான துணையை இங்கே நினைவூட்டுவது பொருத்தம். 1960இல் ஜான் ஸ்டைன்பெக், ரோஸினாண்டே என்று தாம் பெயரிட்ட வண்டியில், அதன் முதுகில் ஒரு சிற்றறையை அமைத்துக்கொண்டு, அமெரிக்காவைச் சுற்றி வந்தார். அந்தச் சுற்றுப்பிரயாணத்தை 1962இல் நூலாக வெளியிட்டார். அவருடன் சென்ற சார்லி, பூடில் இனத்தில் பெரிய வகையைச் சேர்ந்தது. இளமையைக் கடந்து முதுமையை எட்டிக்கொண்டிருந்தது. அளவு பார்க்கும் சித்தாந்தப்படி விலக்கப்பட வேண்டிய நாய் அது. அதன் நிதானமும், எஜமானருடன் அதற்கு இருந்த நீண்ட பழக்கமும் அந்த விலக்கைப் பொருளற்றதாக்கிவிட்டன. அப்படிப்பட்ட நாயும் எல்லோஸ்டோன் பூங்காவில் கரடிகளைக் கண்டதும் வெறிபிடித்தாற்போல் ஆகிவிட, ஸ்டைன்பெக் பூங்காவில் தங்காமலே திரும்பினார். நாயின் சுபாவம் எஜமானரின் வழியையே மாற்றிவிடும் என்பதற்கும் அதே நூல் சாட்சி.

2. சிறிய பிராணி பத்திரமான பிராணி என்று யார் சொன்னது? மடியில் அடங்கும் நாய்களுள் இன்று மிகுந்த மோகத்திற்கு உரியது ஃப்ரெஞ்ச் புல்டாக். அமெரிக்க நாய் வளர்ப்போர் சங்கமான ஏ.கே.சி.யின் பதிவேட்டில் 31 வருஷம் முதலிடத்தில் இருந்த லாப்ரடாரை, 2022இன் கணக்கில் அது பின்னுக்குத் தள்ளிற்று. அதன் முகம் தட்டை, மூச்சுக்குழல் குறுகியது. நாய்க்கு மனிதனைப் போல் உடல் முழுதும் வேர்ப்பதில்லை. இரைத்து இரைத்துத்தான் அது தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். இரைப்பதற்கே வழி குறுகிய பிராணியை, வெயிலில் நிற்கும் உலோகப் பெட்டிக்குள் வாழ வைப்பதைப் பத்திரம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

வெயில் என்பது இங்கே அற்பமான விஷயமல்ல. வெளியே 21 பாகை செல்சியஸ் உள்ள இதமான நாளிலும், மூடிய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 22 பாகை ஏறி 43ஐ நெருங்கிவிடுகிறது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே நிகழ்கிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய பயன் விளைவதில்லை. இவை அளந்து கண்ட உண்மைகள். வீட்டு வண்டி காரைவிடப் பெரிதாகையால் சற்றுத் தாமதமாகச் சூடேறலாம். ஆனால் வெளியிலேயே 40 பாகை எரிக்கும் அரிஸோனாவில் அந்தத் தாமதம் எதைக் காப்பாற்றும்? குளிர்சாதனம் இருக்கிறதே என்பார்கள். அது முகாமின் மின்கம்பத்தை நம்பி ஓடுகிறது. கோடை நடுப்பகலில் எல்லா வண்டிகளும் ஒருங்கே மின்சாரத்தை இழுக்கும் நேரத்தில்தான் அது நின்றுபோகவும் கூடும். வெப்பம் ஏறினால் செல்பேசிக்குத் தகவல் அனுப்பும் கருவி உண்டு என்பார்கள். செல்பேசிக்கு அலை எட்டாத பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருக்கும் எஜமானருக்கு அந்தத் தகவல் எப்படிப் போய்ச் சேரும்?

இதனோடு கயோட்டி என்னும் காட்டு விலங்கையும் சேர்த்து எண்ண வேண்டும். நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட உருவமுள்ள அது, ஹவாய் நீங்கலாக அமெரிக்காவின் எல்லா மாகாணங்களிலும் வாழ்கிறது. முகாம்களின் ஓரத்தில் இரவில் உலவுகிறது. அதன் கண்ணுக்கு ஐந்து கிலோ நாயும் பூனையும் இரைதான். சிறிய பிராணிக்குச் சிறுமையே ஓர் அபாயம்.

3. குட்டியாக வாங்கினால் பழகிக்கொள்ளும் என்பது வாதமா, ஆசையா? நாய்க்குட்டி உலகத்தோடு பழகுகிற பருவம் பிறந்த மூன்றாவது வாரம் தொடங்கிப் பதினான்காவது வாரம் வரையில்தான் என்பது மெய். ஆனால் அதே பருவத்தில் அதன் தடுப்பூசிகள் இன்னும் முடிந்திருக்கமாட்டா. பதினாறு வாரம் ஆகும் வரை அவை தவணை தவணையாகத் தொடர்கின்றன. குட்டிகளைக் கொல்லும் பார்வோ நோயின் கிருமி மண்ணில் மாதக்கணக்காக அழியாமல் கிடக்கக் கூடியது. சாலை ஓரத்து ஓய்வுத் தலங்களின் புல்வெளியோ, எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரியாத நாய்களெல்லாம் நாள்தோறும் கால்பதிக்கும் நிலம். ஒரே ஊரில் வாழ்கிறவர், நோயற்றவை என்று தாம் அறிந்த நாய்களோடும் அறிந்த முற்றங்களிலும் குட்டியைப் பழக்கலாம். தினம் ஒரு மண்ணில் இறங்குகிறவருக்கு அந்த வசதி ஏது? வண்டிக்குள்ளேயே வைத்துக் காத்தால் பழக்கம் போயிற்று. இறக்கி விட்டால் உயிருக்குக் காவல் போயிற்று.

இதிலும் பெரிய குறை ஒன்று உண்டு. குட்டி பெரிதானபின் எப்படிப்பட்ட சுபாவத்தோடு இருக்கும் என்பதை யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. இடியோசைக்கு நடுங்குமா, எஞ்சின் முழக்கத்தில் வாந்தியெடுக்குமா, தனியே விட்டால் ஓலமிடுமா என்பதெல்லாம் பின்னால்தான் தெரியவரும். காப்பகத்தில் உள்ள நான்கு வயது நாயின் விஷயத்தில் இவற்றில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே அறியலாம். அறியக்கூடியதை விட்டு அறியக்கூடாததைத் தேர்ந்துகொள்வதற்கு, குட்டியின் முகவசீகரம் ஒன்றைத் தவிர வேறு காரணம் எதையும் நான் காணவில்லை.

4. பூனைக்குத் தொல்லை குறைவா, நம் கவனம் குறைவா? பூனை இடத்தைப் பற்றி வாழும் பிராணி. தன் வாசனையைத் தடவித் தடவித் தன் எல்லையை அது நிலைநாட்டிக்கொள்கிறது. வண்டியின் உட்புறத்தையே அது தன் ராஜ்யமாகக் கொள்ளுமானால் நல்ல துணையாகும். அப்படி நிறைவாக வாழும் பூனைகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எஞ்சின் கிளம்பியதும் அஞ்சி ஒளியும் பூனைக்கு, அந்த ராஜ்யம் தினமும் அதிர்ந்து குலுங்கும் ராஜ்யம். பெரிய வண்டிகள் பலவற்றில், நிறுத்தியபின் சுவரையே வெளிப்புறம் தள்ளி அறையை அகலமாக்கும் இயந்திர அமைப்பு உண்டு. அந்தச் சுவரின் அடியிலும் பின்னும் உள்ள சந்துகள் அஞ்சிய பூனைக்கு உகந்த மறைவிடங்கள். பூனை எங்கே என்று பாராமல் பொத்தானை அழுத்துகிறவர், அதை நசுக்கிக் கொன்றுவிடக் கூடும். கதவு திறந்த கணத்தில் வெளியே பாய்ந்துவிட்டாலோ, வீட்டுப் பூனை தெருவைச் சுற்றி வீட்டுக்கே திரும்பும். மறுநாள் காலை புறப்பட்டுவிடும் வண்டிக்கு அது எப்படித் திரும்பும்? நடத்திச் செல்ல வேண்டாம் என்ற ஒரே வசதியைக் காட்டி இத்தனையையும் மறைப்பது நேர்மையான யோசனை அல்ல.

5. கூண்டில் அடைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா? சட்டத்தைக் கேளுங்கள். ஃபெரட் வளர்ப்பது கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும் குற்றம். முள்ளெலிகளும், ஜெர்பில் என்னும் பாலைவன எலியும், சுகர் கிளைடர் என்னும் பறக்கும் சிறு பிராணியும் கலிஃபோர்னியாவில் தடை செய்யப்பட்டவை. ஒரு மாகாணத்தில் கடையில் விலைக்குக் கிடைப்பது அடுத்த மாகாணத்தில் பறிமுதலுக்கு உரியது. ஒரே ஊரில் இருப்பவருக்கு ஒரு சட்டம். சாலையில் வாழ்கிறவருக்கு அவர் கடக்கும் எல்லைகள் எத்தனையோ அத்தனை சட்டங்கள். நெவாடாவில் வாங்கிய ஜந்துவோடு கலிஃபோர்னியா எல்லையை அடைந்தவர் திரும்பிப் போவாரா, ஒளித்துக்கொண்டு செல்வாரா, சாலை ஓரத்தில் விட்டுவிடுவாரா? மூன்றும் தீயவையே.

கிளியின் நிலை இன்னும் பரிதாபம். ஒட்டாத பூச்சுப் பூசிய வாணலி அடுப்பில் அளவுக்கு மேல் காய்ந்தால் எழும் ஆவி, மனிதருக்கு மூக்கில்கூடப் படாத அளவிலேயே பறவையின் உயிரைப் போக்கிவிட வல்லது. வீட்டில் சமையலறை ஒரு கோடி, கூண்டு மறு கோடி. வண்டியிலோ அடுப்புக்கும் கூண்டுக்கும் இடையே சில அடிகளே. போதாதற்கு, ஆப்பிரிக்கச் சாம்பல்நிறக் கிளி நாற்பது ஐம்பது வருஷம் உயிர் வாழும். அறுபது வயதில் சாலைக்குப் புறப்படுகிறவர் அதை வாங்கினால், தமக்குப் பிறகும் வாழப் போகிற ஒரு ஜீவனை யாரிடம் ஒப்படைப்பார்? கூண்டு சிறிதாக இருப்பதனால் பொறுப்பும் சிறிதாகிவிடாது.

6. வண்டியை அளந்தவர்கள் வழியை ஏன் அளக்கவில்லை? இதுவே என் ஆக்ஷேபங்களில் தலையாயது. வீட்டு வண்டி வாங்குகிறவர்களில் பலருடைய கனவு தேசியப் பூங்காக்களைக் காண்பது. அந்தப் பூங்காக்களில் பெரும்பாலானவை நாயை நடைவழிகளில் அநுமதிப்பதில்லை. எல்லோஸ்டோனில் சாலைகள், வண்டி நிறுத்தும் இடங்கள், முகாம்கள் ஆகியவற்றிலிருந்து சுமார் 30 மீட்டருக்குள், ஆறடிக்கு மேற்படாத வாரில் பிடித்துக்கொண்டுதான் நடத்தலாம். வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றியுள்ள பலகைப் பாதைகளில் கூடவே கூடாது. விதி காரணமற்றதல்ல. 1981இல் அங்கே ஒரு வண்டியிலிருந்து தப்பி ஓடிக் கொதிநீர்க் குளத்தில் பாய்ந்த நாயை மீட்பதற்காக ஓர் இளைஞர் குதித்தார். நாயும் மாண்டது, அவரும் மாண்டார். மேய்ன் மாகாணத்து அக்கேடியா போன்ற சில பூங்காக்கள் நாய்களுக்குத் தாராளமாக இடங்கொடுக்கின்றன. ஆனால் அவை விலக்குகளே. ஆகவே, பூங்கா பார்க்கிற நாளெல்லாம் பிராணி பூட்டிய வண்டிக்குள் கிடக்கும் நாள். முன்பு சொன்ன வெயிலை இந்த இடத்தில் மறுபடி நினைத்துக்கொள்ள வேண்டும்.

நோய்களும் வழிக்கு வழி வேறு. மிஸிஸிப்பி ஆற்றுப் படுகையிலும் தென்கிழக்கிலும், கொசுக்கடியால் பரவி நாயின் இருதயத்தில் குடிகொள்ளும் புழு. வடகிழக்கில் உண்ணி பரப்பும் லைம் நோய். குளிர்காலத்தில் வீட்டு வண்டிகள் திரளும் க்வார்ட்ஸைட் ஊர் அமைந்துள்ள அரிஸோனாவிலோ, பாலைவன மண்ணில் வாழும் பூஞ்சையை முகர்ந்து நாய் அடையும் பள்ளத்தாக்குக் காய்ச்சல். ஓரிடத்தில் வாழும் நாய்க்கு அந்த இடத்து மருத்துவர் அந்த இடத்து நோய்களுக்குக் காவல் செய்வார். நாடு முழுதும் திரியும் நாய்க்கு எல்லா இடத்து நோய்களும் உண்டு. அதன் சரித்திரம் அறிந்த மருத்துவர் மாத்திரம் எங்கும் இல்லை. அலாஸ்காவுக்குத் தரைவழியே போகிறவர் கனடாவைக் கடந்தாக வேண்டும். அதற்கு ரேபீஸ் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். திரும்பி அமெரிக்காவுக்குள் நுழையும்போது, 2024 ஆகஸ்டு முதல் அமலுக்கு வந்த விதிப்படி நாய்க்கு மைக்ரோசிப்பும் அதற்குரிய படிவமும் வேண்டும். இவற்றில் எதற்காவது நாயின் உயரமோ எடையோ விடை சொல்கிறதா?

அப்படியானால் எதைக் கொண்டுதான் தேர்ந்தெடுப்பது என்று கேட்பது நியாயம். முதலில் வழியைத் தீர்மானிக்க வேண்டும். பிராணியை அதற்குப் பிறகே தேட வேண்டும். கோடையில் பாலைவனத்தை விட்டு மலைநாட்டுக்கும் வடக்கேயும் போவதென்று முடிவு செய்தவர், பூங்காக்களைவிட நாயை அநுமதிக்கும் தேசியக் காடுகளிலும் பொது நிலங்களிலும் தங்குவதென்று முடிவு செய்தவர், நல்ல நாய்க்குத் தகுதியானவர். பூங்காவுக்குப் பூங்கா நடந்தே தீர்வேன் என்கிறவர் அந்தத் தகுதியைத் தாமே கைவிட்டவர்.

அடுத்தது சுபாவம். வயது வந்த பிராணியாக, முன்பே அதனோடு வாழ்ந்தவர்களால் விவரிக்கப்படக் கூடியதாக, அந்நியரைக் கண்டு சீறாததாக, சத்தத்திற்குக் கலங்காததாக, சில மணி நேரத் தனிமையைப் பொறுப்பதாக அது இருக்க வேண்டும். அமெரிக்கக் காப்பகங்கள் பலவற்றில், தத்தெடுப்பதற்குமுன் சில காலம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வழி செய்கிறார்கள். அந்தக் காலத்தை வண்டியிலேயே கழித்து, பக்கத்து ஊர்களுக்குச் சிறு பிரயாணங்கள் போய்ப் பரீட்சை செய்வது, எந்த இனத்தின் பெயரையும் நம்புவதைவிட மேல். பிட்புல், ராட்வைலர், டோபர்மன் ஆகியவற்றைப் பல முகாம்கள் காப்புறுதிக் காரணத்தால் மறுக்கின்றன என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். நல்ல குணமுள்ள நாயே ஆனாலும் வாசலில் திருப்பி அனுப்பப்படும் வாழ்வு அதற்கும் எஜமானருக்கும் நல்லதல்ல.

மூன்றாவது எஜமானருடைய சரீரபலம். தூக்க முடியாதவர் தூக்கத் தக்க எடையுள்ள பிராணியைத் தேடட்டும். அளவு பார்க்கும் கட்சியில் நான் ஒப்புக்கொள்ளும் நியாயம் இது ஒன்றே. இதுவும் வண்டியின் நீளத்தால் வருவதன்று, மனிதரின் தோள் வலிமையால் வருவது.

நான்காவது, பிரயாணத்தின் முடிவு. வீட்டு வண்டி வாழ்க்கை சிலருக்கு இரண்டு வருஷத்தில் சலித்துப்போகிறது. சிலருக்கு நோயால் நின்றுபோகிறது. நாயோ பத்துப் பன்னிரண்டு வருஷமும் பூனை அதற்கு மேலும் வாழ்கிறது. எஜமானர் ஆஸ்பத்திரியில் படுத்தால் அன்றிரவு அந்தப் பிராணிக்கு யார் தீனி வைப்பார், பிரயாணம் ஓய்ந்தபின் குடிபுகும் வீட்டில் அதற்கு இடமுண்டா என்ற இரண்டுக்கும் பெயரும் முகவரியும் சொல்லி விடை தர முடியாதவர், பிராணி இல்லாமலே புறப்படுவது உத்தமம். துணையின்றிப் பயணம் செய்வதில் வெட்கத்துக்கு இடமில்லை. சலித்தபின் காப்பகத்தின் வாசலில் ஒரு நாயை விட்டுவிட்டு வருவதில்தான் வெட்கப்பட வேண்டும்.

எந்தப் பிராணி ஏற்றது என்று இனி யாரேனும் வந்து கேட்டால், அநுபவஸ்தர்கள் வண்டியின் நீளத்தை விசாரிக்க வேண்டாம். கோடையை எங்கே கழிப்பீர்கள், பகலில் எத்தனை மணி நேரம் அதைப் பூட்டிவிட்டுப் போவீர்கள், எந்தெந்த எல்லைகளைக் கடப்பீர்கள், உங்களுக்குப் பின் அதை யார் காப்பார்கள் என்று விசாரிக்கட்டும். இக்கேள்விகளுக்கு நேரான விடை சொல்பவருக்கு இருபதடி வண்டியில் கிரேஹவுண்டும் நிறைவாக வாழும். விடை சொல்ல இயலாதவருக்கு நாற்பதடி வண்டியிலும் ஒரு சிறு குருவியைக்கூட ஒப்படைக்கலாகாது.